எதிர்ப்பக்க மலை

நாலாயிரம் மீட்டரை நெருங்கும்போது
வயிற்றுக்கெனத் தனியே ஒரு கடிகாரம் முளைத்துவிடுகிறது.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கிறது.
முர்காப்பில், கண்டெய்னர் கடைகளின் சந்தையில்
வெட்டி வைத்திருந்த தர்பூசணியோ,
இங்கே அலிச்சூரில் வறுத்துத் தந்த மீனோ,
யார்மேல் பழி போட?
இரண்டுமே ருசியாக இருந்தன.

வீட்டிலிருந்து கழிவறைக்கு நூற்றுப் பதினேழு எட்டு.
நாற்பதாவதில் நாய்.
எழுபதில் மூச்சு முடிந்துவிடும்.
நட்சத்திரம் பார்க்க வந்தவள்போல
அண்ணாந்து நின்றுகொள்வேன்.
உண்மையில் அவ்வளவு நட்சத்திரங்களை
நான் எங்கும் கண்டதில்லை.
அந்த நேரத்தில் அவை எனக்கு ஒரு பொருட்டும் இல்லை.

அறைக்குள் ஆறு பேர் வரிசையாகத் தூங்குகிறார்கள்.
ஒக்தாவியோவின் குறட்டை,
மின்கியோங் கண்ணுக்குக் கட்டிய பட்டுத்துணி,
யாருடையதோ காலுறையின் நெடி.
பணம் கட்டி வந்தேன் இதற்கு.
ஒன்பது மாதம் சேர்த்த பணம்.
நாளைக் காலை கிளம்பியாக வேண்டும் என்று
இரவுச் சாப்பாட்டின்போது முடிவெடுத்தார்கள்.
கை தூக்கச் சொன்னபோது
நான் வெளியே இருந்தேன்.

மூன்று மணிக்குப் போனபோது
கதவு உள்ளே தாழிட்டிருந்தது.
உள்ளிருந்து வந்த சத்தம் எனக்குத் தெரியும்,
இரண்டு நாளாக அது என் சத்தம்.
கொஞ்சம் பொறுத்து, டச்சு மொழியில் ஒரு வசவு.
வீட்ஸ்கே!
எங்கள் குழுவின் தலைவி, அறுபத்திரண்டு வயது,
பச்சைக் காய்கறி தொடாதே, முழங்கை வரை சோப்புப் போடு என
வேளைக்கு வேளை பாடம் நடத்தியவள்.

கதவைத் திறந்தாள்.
என் நெற்றி விளக்கு அவள் முகத்தில் விழுந்தது.
அணைத்தேன்.
இருட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை.
அவள் பையிலிருந்து காகிதச் சுருளை எடுத்து
பாதியைக் கிழித்து என் கையில் திணித்துவிட்டு
நாய் இருந்த பக்கமாய்ப் போய்
எனக்காக நின்றாள்.

விடிந்ததும் புருல் அடுப்பை மூட்டினாள்.
மரம் இல்லாத ஊர், எரிப்பது தெரெஸ்கென் வேரும்
காய்ந்த சாணமும்.
"ப்ளோஹா?" என்றாள் என்னிடம்.
அந்த ரஷ்யச் சொல் முந்தாநாள்தான் எனக்கு அறிமுகம்.
ப்ளோஹா, என்றேன். ரொம்ப.
உப்புப் போட்ட பால் தேநீர் ஒரு கிண்ணம் வைத்தாள்,
காய்ந்த ரொட்டியை உடைத்து அதில் போட்டாள்.
பிறகு யாரும் கேட்காமலே
அதேபோல இன்னொன்று
வீட்ஸ்கேயின் முன்னால்.
அவள் என்னைப் பார்க்காமல் குடித்தாள்.

பழைய ரஷ்ய வேன். ஓட்டுநர் குஷ்நசார்.
இந்தச் சாலையின் பாறை ஒவ்வொன்றும் அவருக்கு அத்துப்படி:
எது ஆள் மறையும் உயரம், எதன் பின்னால் காற்று அடிக்காது,
எதில் ஏற்கெனவே வேறு யாராவது.
நான் வாய் திறக்கும் முன்பே பிரேக் போடுவார்,
டயரைப் பார்க்க இறங்குகிறவர்போல.
ஏழு பாறை கடந்தோம்.
எட்டாவது இடத்தில் பாறை இல்லை.
கண்ணுக்கெட்டிய வரை தட்டையான சரளை,
வெள்ளையாய்ப் பூத்த உப்பு,
ஒரு முயல் ஒளியக்கூட வழியில்லாத நிலம்.

மழையே பெய்யாத இந்த ஊருக்கு
நான் குடை கொண்டுவந்ததைப் பார்த்து
முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள்.
அந்தக் கறுப்புக் குடையை விரித்து
காற்றுக்குக் குறுக்கே சாய்த்து
அதன் பின்னால் போய்க் குந்தினேன்.
வேன் கதவு இன்னொரு தடவை திறந்தது.
வீட்ஸ்கே ஓடி வந்தாள்,
ஒரு கையால் குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.
"இது வெறும் உயரம்," என்றாள்,
"எனக்கு ஒன்றுமில்லை."
சரி, என்றேன்.
அப்புறம் இருவருக்கும் சிரிப்பு வந்தது.
சிரிக்கக் கூடாத நிலையில் சிரித்தால் என்ன ஆகுமோ
அது ஆயிற்று.

குடைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.
ஐந்து பேரும் குஷ்நசாரும்
வேனுக்கு அந்தப் பக்கம் இறங்கி
எங்களுக்கு முதுகு காட்டி
வரிசையாக நின்றிருந்தார்கள்.
எதிரே ஒரு மலை. பழுப்பு. பனிகூட இல்லை.
பார்க்க அதில் எதுவுமே இல்லை.
அதைத்தான் அத்தனை கவனமாய்ப் பார்த்தார்கள்.
ஒக்தாவியோ கைநீட்டி எதையோ காட்டினான்.
மின்கியோங் கேமராவை எடுத்தாள்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துப் படங்கள் வந்தன.
ஏரிகள், கணவாய்கள், யாக் எருமைகள்.
நடுவில் அந்த மலை,
ஐந்து பேர் எடுத்தது, ஐந்து தடவை,
ஒரே பழுப்பு.
யாரும் பெயர் எழுதவில்லை.
வரைபடத்தில் தேடினேன், அங்கும் இல்லை.